வேகமல்ல, விடுவதுதான் பயிற்சி: கபாலபாதி கேள்வி பதில்

கபாலபாதி என்பது மூக்கு வழியாகக் காற்றை விசையுடன் வெளியே தள்ளி, உள்மூச்சைத் தானாக வரவிடும் யோக மூச்சுப் பயிற்சி. அதைப் பற்றித் தில்லியில் யோகா கற்பிப்பவர்களும் வீட்டில் பழகுபவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை.

புதிதாக வகுப்பு எடுக்கிறேன். முதல் நாள் கபாலபாதியை எப்படித் தொடங்கிக் கொடுப்பது? (ஆர்.கே.புரம்)

முதல் நாள் வேகம் என்ற பேச்சே வேண்டாம், அம்மா. நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். தரையில் முடியாதவருக்கு நாற்காலி போதும். ஒரு கை அடிவயிற்றின்மேல் இருக்கட்டும். மூக்கு வழியாக ஒரே ஒரு முறை காற்றை வெளியே தள்ள வேண்டும், வயிறு உள்ளே போக வேண்டும். உடனே வயிற்றை விட்டுவிட வேண்டும். காற்று தானாக உள்ளே வரும். அதை இழுக்கக் கூடாது. தள்ளுவது எல்லோருக்கும் வந்துவிடும். விடுவதுதான் வராது. வகுப்பின் நேரத்தை அதற்கே கொடுங்கள்.

தள்ளும்போது வயிறு வெளியே உப்புகிறதா என்று பாருங்கள். புதியவர்களில் பலர் இப்படித் தலைகீழாகத்தான் செய்வார்கள். அவர்களை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, "ஹா" என்று வாயால் கடைசிவரை ஊதச் சொல்லுங்கள். மூச்சு முடியும் இடத்தில் வயிறு உள்வாங்குவதைக் கை உணரும். அதன்பிறகு மூக்குக்கு மாற்றுங்கள். தோள் குலுங்கினாலோ முகம் இறுகினாலோ நிறுத்திவிடுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு தள்ளல், பத்து தள்ளல், பிறகு இயல்பான மூச்சு. இப்படி மூன்று சுற்று போதும். விநாடிக்கு ஒன்று என்ற வேகம் சில வாரங்கள் கழித்து வரட்டும். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுங்கள்.

செய்யும்போது தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. சக்தி ஏறுகிறது என்கிறார் நண்பர். (கரோல் பாக்)

சக்தி ஏறவில்லை, ஐயா. ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரலும் உதடும் மரக்கும். பெரும்பாலும், உள்மூச்சை நீங்கள் பலமாக இழுக்கிறீர்கள் என்பதே இதற்குப் பொருள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். பிறகும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நிமிடத்துக்கு 120 வரை செய்கிறேன். இன்னும் கூட்டலாமா? (ரோகிணி)

எதற்காக, தம்பி? எண்ணிக்கைக்குப் பரிசு கிடையாது. 2004-இல் 'செஸ்ட்' மருத்துவ இதழில் பதிவான ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்: ஆரோக்கியமாக இருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கபாலபாதியால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து தேங்கியது. அரிதுதான். ஆனாலும் உடலை விரட்டாதீர்கள்.

கபாலபாதியும் பஸ்திரிகாவும் ஒன்றுதானே? (மயூர் விஹார்)

இல்லை. ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலில் கபாலபாதி ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்று. பஸ்திரிகா எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சை அடக்கும் பயிற்சிகளில், ஒன்று. இன்று கற்பிக்கும் முறையில், முன்னதில் வெளிமூச்சுக்கு மட்டுமே விசை. பின்னதில் இரண்டுக்கும் விசை உண்டு. கொல்லன் துருத்தியை அந்த நூல் இரண்டுக்குமே உவமையாகச் சொல்வதால் குழப்பம் வருகிறது. புதியவர்களுக்குப் பஸ்திரிகா வேண்டாம்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். மெதுவாகச் செய்யலாமா? (ஜனக்புரி)

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு, கண் அழுத்த நோய், கர்ப்பம், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை: இவற்றில் ஒன்று இருந்தாலும் என் வகுப்பில் கபாலபாதி கிடையாது.

நவம்பரிலும் விடியற்காலை 5 மணிக்கு லோதி பூங்காவில் செய்கிறோம். பிரம்ம முகூர்த்தம் அல்லவா? (லோதி காலனி)

ஊரில் அந்த நேரம் நல்ல நேரம். தில்லியின் நவம்பரில் அதுவே மோசமான நேரம். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடுகிறது. புகைக்கு மேலே போக வழியில்லை. வெயில் ஏறிய பிறகுதான் காற்று கலக்கத் தொடங்கும். காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினாலே 'மோசம்'. அன்று கதவை மூடி வீட்டுக்குள் செய்யுங்கள். 300-ஐத் தாண்டினால் கபாலபாதியை விட்டுவிட்டு மெல்ல நாடிசுத்தி (மூக்கின் இரு துவாரங்களிலும் மாற்றி மாற்றி மூச்சு விடுவது) செய்யுங்கள்.

இதை ஏற்க மாட்டேன். உள்ளே போன புகையை வெளியே தள்ளத்தானே கபாலபாதி? (சாகேத்)

உங்கள் நம்பிக்கை எனக்குப் புரிகிறது, ஐயா. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளியை அது தளர்த்தும்; அதற்காகத்தான் அதைச் சுத்திக் கிரியை என்றார்கள். ஆனால் இந்தப் புகையில் உள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் காற்றுப் பைகள்வரை போய்விடும். ஊதி வெளியேற்ற முடியாத இடம் அது. மாறாக, வேகமாக மூச்சு விடும்போது நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்றும் கூடுகிறது, துகளும் கூடுகிறது.

அப்படியானால் எங்கள் குரு இத்தனை ஆண்டுகளாகச் சொன்னது பொய்யா? (மீண்டும் சாகேத்)

பொய்யல்ல. நல்ல காற்றுள்ள இடத்தை அவர் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். சுத்தமான, இதமான இடத்தில் அமர்ந்து பழகு என்பது யோக நூல்களின் முதல் நிபந்தனை. நேரத்தைப் பிடித்துக்கொண்டு இடத்தை விட்டுவிடுவது எப்படிச் சரியாகும்? உங்களுடன் வரும் முதியவர்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாஸ்க் போட்டுக்கொண்டு பூங்காவில் செய்யலாமா? (லாஜ்பத் நகர்)

கூடாது. மாஸ்க் தேவைப்படும் காற்றில் இந்தப் பயிற்சியே வேண்டாம்.

எத்தனை சுற்று செய்ய வேண்டும்? தலை சுற்றினால்? (துவாரகா)

இரண்டு கேள்விக்கும் பதில் மேலேயே இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

காலையில் காபி குடித்துவிட்டுச் செய்யலாமா? (முனிர்கா)

வேண்டாம். செய்து முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.