தொழிற்சாலையே இல்லாத ஆர்க்டிக்கில், அங்கு வாழும் பூர்வகுடிகளான இனூயிட் மக்களின் உணவில் நச்சு எப்படிச் சேர்ந்தது?

காற்றும் கடல் நீரோட்டமும் கொண்டுவந்து சேர்த்ததுதான். பிசிபி (PCB, முன்பு மின்கருவிகளில் பயன்பட்ட, எளிதில் சிதையாத ரசாயனம்) போன்றவை வெப்பமான நாடுகளில் ஆவியாகி, வடக்கே போய்க் குளிரில் படிந்துவிடும். நிலக்கரி எரிக்கும்போது கிளம்பும் பாதரசமும் அங்கே போய்ச் சேரும். பிறகு மிதவை உயிரி, மீன், மீனைத் தின்னும் சீல் அல்லது பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலம் என்று படிக்குப் படி செறிவு கூடும். கடைசிப் படியில் அவற்றை வேட்டையாடிச் சாப்பிடும் மனிதர்.

1980களின் இறுதியில் கனடாவின் கியூபெக் மாகாணத்து வடபகுதியான நூனவிக்கில் தாய்ப்பாலைச் சோதித்தார்கள். மாசில்லாத ஊர், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதுதான் எண்ணம். தெற்கு கியூபெக் தாய்மார்களைவிடச் சுமார் 5 மடங்கு பிசிபி இருந்தது!

சரி, அந்த உணவையே விட்டுவிடலாமே என்றால், அது தப்பான யோசனை என்பேன். அங்கே கடையில் காய்கறி ஆனை விலை, குதிரை விலை. திமிங்கிலத் தோலிலோ வைட்டமின் சி கூட இருக்கிறது. எந்தப் பாகம் என்பதைப் பார்க்க வேண்டும். பிசிபி கொழுப்பில் தங்கும், பாதரசம் இறைச்சியில். உலர்த்திய பெலூகா இறைச்சியில் நீர் வற்றிவிடுவதால் பாதரசம் இன்னும் செறிவாக இருக்கும். கர்ப்பிணிகள் அதைக் குறைத்துக்கொண்டு ‘ஆர்க்டிக் சார்’ (Arctic char) என்ற மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பதே நூனவிக்கில் தரப்படும் ஆலோசனை. அந்த மீனில் பாதரசம் குறைவு, ஒமேகா-3 அதிகம்.

நாடுகளின் தடைகள், இத்தகைய ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து பிசிபி அளவு இறங்கிவருகிறது. பாதரசம்தான் இன்னும் தலைவலி.