டோக்கெலாவ் போக முடியுமா?

கேள்வி: பசிபிக்கில் மனிதர் வாழும் பவளத்தீவு ஒன்றைப் பார்க்க எனக்கும் என் கணவருக்கும் ஆசை. விமானமே இறங்காத டோக்கெலாவுக்கு இங்கிருந்து போக முடியுமா? என்ன எடுத்துப்போவது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: போகலாம் ஆச்சி, ஆனால் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட். நியூசிலாந்து ஆளுகையில் உள்ள அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காவோஃபோ ஆகிய மூன்று பவளத்தீவுகள்தான் டோக்கெலாவ். இறங்கப்போகும் தீவின் ஊர்ப் பெரியவர்கள் சபை சம்மதிக்க வேண்டும். சமோவாவின் அப்பியா நகரிலுள்ள டோக்கெலாவ் அலுவலகம் வழியாக விண்ணப்பியுங்கள். தங்குமிடமும் திரும்பும் பயணமும் உறுதியாக இருக்க வேண்டும்.

திருச்சி, சிங்கப்பூர், ஃபிஜியின் நாடி, அப்பியா என்று போவது நமக்குத் தோதான வழி. டிக்கெட்டைத் துண்டு துண்டாக வாங்காதீர்கள். சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வந்தால் அந்நாட்டு விசா தேவைப்படும். விசா விதிகள் மாறும். புறப்படுமுன் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பியாவிலிருந்து சுமார் 500 கி.மீ. கப்பல் பயணம், ஒரு நாளுக்கு மேல் ஆகும். தீவுகளில் துறைமுகம் இல்லை. பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நிற்கும். சிறு படகில் மாறி, பாறையை உடைத்து அமைத்த வாய்க்கால் வழியாகக் கரை சேர வேண்டும். படகு அலையோடு ஏறி இறங்கும். அது மேலே வரும் கணத்தில் தயங்காமல் கால் வைக்க வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். அன்றைக்குச் சேலை வேண்டாம், சுடிதார் நல்லது. மூட்டு வலி இருந்தால் இந்த ஒரு நிமிடத்தை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். கடல் சீறினால் இறக்கவும் மாட்டார்கள், ஏற்றவும் மாட்டார்கள். ஆகவே அப்பியாவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம், தவிர்த்துவிடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பயண நாளைப்போல் இரு மடங்கு நாளுக்குப் போதுமான அளவு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். இல்லை; நியூசிலாந்து டாலரை ரொக்கமாக வைத்திருங்கள்.

குடிக்கக் கூரை மழைநீர்தான். வளவில் அண்டா வைத்து மழைநீர் பிடித்தது போலத்தான், அங்கே அண்டாவுக்குப் பதில் பெரிய தொட்டி. 2011 வறட்சியில் தொட்டிகள் வற்றி, கப்பலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. தண்ணீரை அளந்து செலவழியுங்கள்.

உப்புக்கண்டம் கண்டிப்பாகக் கூடாது; ஃபிஜி, சமோவா சுங்கத்தில் பறிமுதல் ஆகும். பொடி, வற்றல் எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

சாப்பாடு பெரும்பாலும் மீனும் தேங்காயும். பாறையோரத்துப் பெரிய மீன்களில் சில சமயம் சிகுவாட்டெரா நஞ்சு இருக்கும். பாசியில் ஒட்டிவாழும் நுண்ணுயிர் உண்டாக்குவது அது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னச் சேர்ந்துகொண்டே போகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. வாயைச் சுற்றி மரத்துப்போகும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுவது போலிருக்கும். ஊர்க்காரர்கள் தொடாத மீனை நீங்களும் தொடாதீர்கள்.

கெட்டி அடி கொண்ட செருப்பில்லாமல் பாறைமேல் நடக்க வேண்டாம். பவளம் கீறினால் பொடித்துகள் உள்ளேயே தங்கிச் சீழ்பிடிக்கும். உடனே சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துகளை எடுத்துவிட்டு மருந்து போடுங்கள். வலிக்கிறதே என்று தேய்க்காமல் விட்டால்தான் புண் நாள்கணக்கில் ஆறாது.