2007 மாடல் எஸ்எல்கே 200 காரில் செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஆக்சிஜன் சென்ஸார் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த சென்ஸார் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெர்சிடிஸ் எஸ்எல்கே 200, ஆம்பர் நிற செக் இன்ஜின் லைட், ஒர்க் ஷாப்பில் ஸ்கேன் செய்ததில் பி0171 என்ற கோளாறு எண் (கோடு), அந்தக் கோடை அழித்ததும் லைட் போய்விட்டது, கொஞ்ச நாளில் திரும்பி வந்தது, ஈசிஆர் ரோட்டில் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை, சிக்னலில் நிற்கும்போது மட்டும் இன்ஜின் லேசாக நடுங்குகிறது. இதில் கடைசியாகச் சொன்ன அந்த நடுக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என்னிடமும் இதே 1.8 லிட்டர் சூப்பர்சார்ஜர் இன்ஜின் உள்ள எஸ்எல்கேதான் இருக்கிறது, எனக்கும் இதே கோடு வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓட்டலாமா வேண்டாமா என்பது. ஆம்பர் லைட் நிலையாக எரிந்துகொண்டிருந்தால், வண்டி இழுவை குறையாமல் ஓடினால், சூடு ஏறாமல் இருந்தால், நிதானமாக ஓட்டலாம். லைட் மினுக்கினால் மட்டும் ஓட்டாதீர்கள். மினுக்குவது மிஸ் ஃபயர் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதற்கான அடையாளம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், கன்வெர்ட்டர் உள்ளே உருகிவிடும். அதை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஆக்சிஜன் சென்ஸார் ஒன்றுமே இல்லை. சிவப்பு ஆயில் லைட் வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

சரி, பி0171. இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான் இதற்கு அர்த்தம். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. அதை இசியுவுக்குச் சொன்னதே, எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்ஸார்தான். வீட்டில் கேஸ் வாடை வருகிறது என்று சொன்னவரின் மூக்கைக் குறை சொல்வதும், சென்ஸாரை முதலில் கழற்றுவதும் ஒன்றுதான். சென்ஸாரே வயதாகி மந்தமாகியிருந்தால் பெரும்பாலும் பி0133 மாதிரி வரும், அதன் ஹீட்டர் போயிருந்தால் பி0135 வரும். உங்களுக்கு அந்த இரண்டுமே வரவில்லை.

கோடை அழித்ததும் சரியாகிவிட்ட மாதிரி தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிக் கோளாறை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு இசியு லைட்டைப் போடாது, அடுத்தடுத்த பயணங்களிலும் அதே கோளாறு தெரிந்தால்தான் போடும். அழித்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், அதனால்தான் உங்களுக்குச் சில நாள் இடைவெளி கிடைத்தது. அழிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று இருக்கிறது, கோளாறு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, இன்ஜின் மீது லோடு எவ்வளவு என்று இசியு குறித்துவைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அடுத்தமுறை யார் ஸ்கேன் செய்தாலும், "அழிச்சிடாதீங்கண்ணே, முதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். அதைக் காட்ட மறுக்கும் இடத்தில் நான் வண்டியை விடமாட்டேன்.

இதற்கெல்லாம் பெரிய ஸ்கேனர் தேவையில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே டாஷ்போர்டின் அடியில் ஸ்கேனரைச் செருகும் 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும், சாதாரண புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். ஆனால் இந்த அடாப்டர் பொதுவான இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், மேலே மடங்கும் கூரை இதையெல்லாம் பார்க்க ஸ்டார் டயக்னோசிஸ் மாதிரி மெர்சிடிஸுக்கே உரிய கருவி வேண்டும்.

அடாப்டரைச் செருகும் முன் பேட்டரி. இந்தக் கார்கள் வாரக்கணக்கில் பார்க்கிங்கில் நிற்பவை, பேட்டரி தளர்ந்தால் சம்பந்தமே இல்லாத கோடுகள் வரிசையாக வரும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.5 வோல்ட்டுக்கு மேலும், இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட்டும் இருந்தால் நல்லது. அப்படியே பானெட்டைத் திறந்து வயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். நம் ஊர் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் எலி கடித்த வயரால் லைட் எரியும் கார்கள் ஏராளம்.

இனிதான் முக்கியமான வேலை. ஆப்பில் லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம் ஃப்யூல் ட்ரிம், லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் என்று இரண்டு எண்கள் வரும். கலவையைச் சரிக்கட்ட இசியு தன் கணக்குக்கு மேல் எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் இது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஆரோக்கியமான இன்ஜினில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், பத்துக்குள் இருக்கும். இருபதைத் தாண்டி அங்கேயே நின்றால் பி0171 வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) ஒருமுறையும், 2500 ஆர்பிஎம்மில் சில நொடி பிடித்து ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் எண் அதிகமாக இருந்து, ஆர்பிஎம் ஏற ஏற இறங்கினால், எங்கோ ஒரு ஓட்டை வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்காகத் தெரியும். 2500-ல் அதே ஓட்டை சின்ன விஷயமாகிவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து ரோட்டில் லோடு ஏறும்போது எண் உயர்ந்தால், காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்ஸார் அழுக்காகிக் குறைவாக அளக்கிறது, இல்லையென்றால் ஃப்யூல் பம்பு, ஃபில்டர் பக்கம் பெட்ரோல் போதவில்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரஸர் உள்ள சூப்பர்சார்ஜர் இன்ஜினில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கம்ப்ரஸரையும் த்ராட்டிலையும் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் ஓட்டை இருந்தால் ஐடிலில் காற்று உள்ளே வரும், நன்றாக ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது அழுத்தம் ஏறி, ஏற்கெனவே அளந்த காற்று வெளியே போகும். அப்போது ட்ரிம் பிளஸ்ஸிலிருந்து மைனஸ் பக்கம் சாயும். அப்படி ஒரு சாய்வைப் பார்த்தால் ஓட்டை எந்தப் பக்கம் என்றே தெரிந்துவிடும்.

சிக்னலில் நடுங்குகிறது, ஈசிஆரில் நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது முதல் வகையோடு பொருந்துகிறது. எனக்கும் அப்படித்தான். எம்271 என்று பெயருள்ள நம் இந்த இன்ஜினில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பலவீனம் உண்டு: இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆவியை, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிரீதர் ஹோஸ்கள். ஆயில் ஆவியும் இன்ஜின் சூடும் பட்டு ரப்பர் உப்பி மென்மையாகி, அப்புறம் முழங்கை மாதிரி வளையும் இடத்தில் பிளந்துவிடும். சென்னை வெயிலில், கிண்டி டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே பானெட்டுக்குள் வேகும் ரப்பர் பத்து வருஷத்துக்கு மேல் தாங்கியதே பெரிது. பிரச்சினை என்னவென்றால் அந்த ஹோஸ் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். என் வண்டியை முதலில் பார்த்த ஒர்க் ஷாப்பிலும் சென்ஸார்தான் என்றார்கள். ராயப்பேட்டை சந்து ஒன்றில் பழைய ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர், ட்ரிம் எண்ணைக் காட்டியதும், "தம்பி, சென்ஸார் நல்லாத்தான் இருக்கு. காத்து எங்கேயோ உள்ள போகுது, புகை விட்டுப் பாத்துடுவோம்" என்றார். இன்டேக்குக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டதும் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து அது அழகாக மேலே வந்தது. பிளந்த ஹோஸை மாற்றியதும் லாங் டெர்ம் ட்ரிம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது, லைட்டும் வரவில்லை.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது ஸ்மோக் டெஸ்ட். கார்பரேட்டர் கிளீனரை அங்கங்கே அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதமில்லை. சூடான எக்ஸாஸ்ட்டில் பட்டால் தீப்பிடிக்கும். ஸ்மோக் டெஸ்ட்டுக்கு முன்பே ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையத்தையும் டிப்ஸ்டிக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், அந்த வழியாகக் காற்று போனாலும் இதே கோடு வரும். பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிப் பாருங்கள் என்று இணையத்தில் நிறைய எழுதியிருப்பார்கள். அது பெட்ரோல் ஆவிக் கசிவைக் கண்காணிக்கும் அமெரிக்க மாடல்களுக்கான அறிவுரை, பி0455 மாதிரிக் கோடுகளுக்கு. உங்கள் கோடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். இன்ஜினின் முன்பக்கம், சிலிண்டர் ஹெட்டில், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்ற உதவும் கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டர் மேக்னெட்கள் இரண்டு இருக்கும். வயதானதும் அவற்றின் கனெக்டர் வழியாக ஆயில் கசியும். வெளியே ஒழுகினால் பரவாயில்லை, அது வயருக்குள்ளேயே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊர்ந்து, வயரிங் ஹார்னஸ் என்கிற வயர்க் கட்டு முழுக்கப் பரவி, ஆக்சிஜன் சென்ஸார் கனெக்டர் வரைக்கும், ஏன் இசியு வரைக்குமே போகும். இன்ஜின் அணைந்திருக்கும்போது அந்த மேக்னெட் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. காய்ந்திருந்தால் நிம்மதி. ஈரமாக இருந்தால் சென்ஸார், இசியு பிளக்குகளையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அங்கே ஆயில் இருக்கும்போது புது சென்ஸார் போட்டால் அதுவும் சில மாதத்தில் தப்பான சிக்னல்தான் கொடுக்கும். மேக்னெட்டை மாற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் சின்ன இடை வயர் ஒன்றையும் போட்டுவிடுங்கள், இதற்காகவே வருகிறது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கடகடவென்று சத்தம் வந்தாலோ பி0016 கோடு வந்தாலோ மட்டும் இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு டைமிங் செயினைப் பாருங்கள். இந்த இன்ஜினில் செயின் நீளும், விட்டுவைத்தால் இன்ஜினே போய்விடும்.

கடைசியாகப் பெட்ரோல். 2023-லிருந்து பெட்ரோல் பங்க்குகளில் படிப்படியாக 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 வந்துவிட்டது, 2007 காரை யாரும் அதற்காக வடிவமைக்கவில்லை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று தேவை, இ-20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். அதனால் ஒரு குறையும் இல்லாத வண்டியில்கூட இசியு எட்டு, ஒன்பது சதவீதம் வரை கூடுதலாக பெட்ரோல் விட வேண்டியிருக்கிறது. அதனால் மட்டும் பி0171 வராது. ஆனால் ஏற்கெனவே சின்னக் கசிவை ஈடுகட்டிக்கொண்டிருந்த வண்டியில் இந்தக் கூடுதல் சுமையும் சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடும். பழைய கார்களில் இப்போது திடீரென்று இந்த லைட் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. கசிவை அடைத்த பிறகும் ட்ரிம் ஏழெட்டில் நின்றால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

ஹோஸ் வாங்கும்போது சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை உறுதி செய்துகொள்ளுங்கள், வருஷத்துக்கு வருஷம் வடிவம் மாறியிருக்கிறது. அவசரத்துக்கு, பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஹோஸ் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கதவுக் கண்ணாடி, பம்பர், சீட் என்றால் புதுப்பேட்டை போல ஒரு இடம் கிடையாது, ஆனால் உங்கள் ஹோஸுக்கு ஆன அதே வயசு அந்த ரப்பருக்கும் ஆகியிருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றுகிற கூலிதான் இதில் பெரிய செலவு என்பதால், கையோடு கேஸ்கெட்டையும் அடியில் இருக்கும் மற்ற ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அதற்கு முன்னால் ஐடில், 2500 இரண்டு ட்ரிம் எண்களையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.