பழம் சப்பென்றிருந்தால் பருவத்தைப் பாருங்கள்

கடையில் பழமெல்லாம் பளபளவென்று அடுக்கியிருக்கிறது, வாயில் வைத்தால் சப்பென்றிருக்கிறது, பிள்ளைகளோ ஜூஸ் வேண்டும், ஐஸ் வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள், வீட்டில் மிக்ஸிகூட இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி.

குளிர்நாட்டுக்குப் புதிதாக வந்த எல்லோருடைய புலம்பலும் இதுதான். வருஷம் பூராவும் எல்லாப் பழமும் கிடைப்பதால் பருவமே இல்லை என்று தோன்றிவிடுகிறது. உண்டு. பனிக்காலத்தில் கிடைக்கும் ஸ்ட்ராபெர்ரி பெரும்பாலும் நெடுந்தூரம் பயணப்பட்டு வருவது. வழியில் நசுங்காமல் இருக்க முழுசாகப் பழுக்குமுன்பே பறித்துவிடுவார்கள். ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, திராட்சை, ஆரஞ்சு இவையெல்லாம் பறித்த பிறகு இனிப்பு ஏறாதவை. வீட்டில் வைத்துக் காத்திருந்தால் அழுகத்தான் செய்யும். அவற்றை அந்தந்தப் பருவத்தில் மட்டும் வாங்குங்கள், விலையும் அப்போதுதான் இறங்கும். பீச், பேரிக்காய், கிவி வேறு ஜாதி. காயாக இருந்தாலும் ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுவில் பழுத்துவிடும். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுப்பது. காம்புக்குப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள், லேசாக அமுங்கினால் உடனே சாப்பிடுங்கள். வயிற்றுப் பக்கம் மெத்தென்று ஆகும்வரை விட்டால் உள்ளே பழுப்பாகிப் போயிருக்கும்.

இனி மிக்ஸி இல்லாத கவலை. கால் கிலோ ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் புரட்டி மூடி வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுக்கும். முதலில் துண்டுகள் மினுமினுக்கும், பிறகு ஓரத்தில் சிவப்பாகக் கசியும், அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் பாகு தேங்கிவிடும். அந்தப் பாகை வடித்துக் குளிர்ந்த தண்ணீரிலோ சோடாவிலோ கலந்தால் பானம் தயார். பழத்துண்டுகளைத் தயிர் மேல் போட்டுக் கொடுங்கள். சுமாரான பழமும் இதில் தேறிவிடும். பீச், பிளம் எதிலும் இதே வேலைதான்.

ஐஸ் கேட்டால், அந்தப் பானத்தையே தட்டையான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டி விடுங்கள். பூப்பூவாக உதிரும். உறையுமுன் ருசி பார்க்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே இனிக்க வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். சர்க்கரை ரொம்பக் குறைந்தால் கட்டிப் பாறையாக உறைந்து சுரண்டவே வராது.

கிவியையும் அன்னாசியையும் பச்சையாகப் பாலில் கலந்து வைக்காதீர்கள். அவற்றிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைத்துவிடும். ஜெல்லி உறையவைக்கப் போடும் ஜெலட்டினும் இந்தப் பழங்களோடு சேர்ந்தால் இதே காரணத்தால் உறையாது. கொதிக்கவிட்டுச் சேர்த்தால் தொல்லையில்லை. அல்லது அகர் அகர் வாங்குங்கள்: கடல்பாசியிலிருந்து எடுப்பது, சைவம், ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். ஜெலட்டின் பிராணிகளின் எலும்பு, தோலில் இருந்து வருவது. சைவ வீடென்றால் கடையில் வாங்கும் ஜெல்லி மிட்டாய்ப் பையிலும் பார்த்து வாங்குங்கள்.

பனிக்காலத்துக்கு ஆப்பிள். நறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவிட்டு மசித்தால் போதும், நல்ல ஆப்பிளுக்குச் சர்க்கரையே வேண்டாம். பட்டை ஒரு துண்டு போடலாம்.

பருவம் முடிகிற வாரத்தில் பெர்ரி மலிவாக வரும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்த பிறகே பையில் கொட்டுங்கள். நேராகப் பையில் போட்டால் ஒரே கட்டியாகிவிடும், சுத்தியல்தான் தேடவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வகிர்ந்து கொடுங்கள், முழுசாகத் தந்தால் தொண்டையில் அடைக்கும். செர்ரிக் கொட்டை எடுக்கத் தனிக் கருவி வேண்டாம். காம்பைக் கிள்ளிவிட்டு அந்த இடத்தில் கெட்டியான ஸ்ட்ராவால் குத்தித் தள்ளினால் மறுபக்கம் வந்துவிடும். பழைய சட்டையோடு செய்யுங்கள், அந்தக் கறை லேசில் போகாது.