வயலின் வீட்டில் இல்லாத ஆறு வாரங்கள்

கேள்வி: ஏழு வருடமாக வயலின் கற்கிறேன். ஒரு நாள்கூடச் சாதகம் தவறியதில்லை. இப்போது கழுத்துப் பகுதியில் ஒட்டு விட்டுப்போய், பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன். ஆறு வாரம் ஆகுமாம். வில் மட்டும் வீட்டில் இருக்கிறது. மாலையானால் கை பரபரக்கிறது. பழகியதெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தன் மகளின் வயலினை இரவல் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: போகாது. ஏழு வருடம் கையில் ஊறியதை ஆறு வாரம் அழித்துவிட முடியாது. விரல் நுனியில் இருக்கும் காய்ப்பு இளகும், சுண்டுவிரலின் பலம் சற்றுக் குறையும். இரண்டும் வயலின் வந்த சில நாட்களில் திரும்பிவிடும்.

பழுதுபார்ப்பவரை அவசரப்படுத்தாதீர்கள். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 20 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பழைய பசையைச் சுரண்டி, மரத்தைப் பொருத்தி, புதுப் பசை நன்றாகக் காய்ந்த பிறகுதான் அந்த இழுவையைத் தாங்கும். காயாமல் தந்தி ஏற்றினால் மறுபடி அதே இடத்தில் விட்டுப்போகும்.

கை பரபரப்பதை நானும் அனுபவித்திருக்கிறேன். ஒருமுறை என் வயலின் இரண்டு மாதம் என்னிடம் இல்லை. அது இருக்கும் மூலையைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன்; அப்போதும் ஏக்கம் தீரவில்லை. சாதகம் செய்யும் அதே நேரத்தில், அதே நாற்காலியில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் மனம் அடங்கியது. அந்த நேரத்தை வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள்.

உட்கார்ந்து என்ன செய்வது? மனத்துக்குள் வாசியுங்கள். நரம்பியல் ஆய்வாளர் அல்வாரோ பாஸ்குவல்-லியோனியும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து விரல்களுக்கான பியானோ பயிற்சி ஒன்றை, ஒரு குழுவினர் தினமும் 2 மணி நேரம் வாசித்தார்கள்; இன்னொரு குழுவினர் விரலை அசைக்காமல் மனத்தில் மட்டும் வாசித்தார்கள். 5 நாளில் இரு குழுவினருக்கும் மூளையில் விரலசைவை ஆளும் பகுதி ஒரே மாதிரி மாறியிருந்தது. கைத்திறனில் மட்டும் மனக்குழு கொஞ்சம் பின்தங்கியிருந்தது. 2 மணி நேரம் நிஜமாக வாசித்ததும் அந்த இடைவெளியும் போய்விட்டது.

நன்றாகத் தெரிந்த உருப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, எந்தத் தந்தி, எந்த விரல், வில் மேலா கீழா என்று ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாகப் பாருங்கள். இரண்டாவது வரியிலோ மூன்றாவது வரியிலோ படம் சட்டென்று மறையும். அடுத்த விரல் எதுவென்று தெரியாது. இத்தனை நாளும் அந்த இடத்தில் விரல் பழக்கத்தில் ஓடியிருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை என்று பொருள். கருவி கையில் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அந்த இடங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். 15 நிமிடம் போதும். அதற்குமேல் கவனம் கலைந்துவிடும்.

இடது கைக்கு உங்கள் வலது முன்கையே விரல்பலகை. கட்டைவிரலை அடியில் வைத்து, மற்ற விரல்களால் அந்த வரியை அதன்மேல் வாசித்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று தோலே சொல்லிவிடும். பலரும் தேவைக்கு மேல் அழுத்துகிறவர்கள்தான்.

பிறகு, பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்ற கூச்சம் வேண்டாம். சுருதியை ஒலிக்கவிட்டு, அந்த உருப்படியை மெதுவாகப் பாடிக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். எந்தச் சுரம் இறங்குகிறது என்று தெரியும். வயலினில் சுரத்தின் இடத்தைக் காட்டக் கோடு கிடையாது. காது சொல்வதுதான் விரல் நிற்கும் இடம். இந்த ஆறு வாரத்தில் நீங்கள் பெறக்கூடிய பெரிய லாபம் இது என்பேன்.

வில் வீட்டில் இருப்பது நல்லதாயிற்று. செங்குத்தாகப் பிடித்து, மெல்லப் படுக்கை வாட்டத்துக்கு இறக்கி, மறுபடி நிமிர்த்துங்கள். அதன் எடை 60 கிராம்தான். தந்தி தாங்காதபோது அது முழுவதும் சுண்டுவிரலில் இறங்கும். பத்து முறை போதும். முடிந்ததும் வில்லின் முடியைத் தளர்த்தி வைக்க மறக்காதீர்கள்.

இரவல் வயலினுக்கு வருகிறேன். முதலில் அளந்து பாருங்கள். கழுத்தை விட்டு உடல் மட்டும் 35.5 செ.மீ. அளவில் இருந்தால் முழு அளவு. வாரத்தில் இரண்டு நாள் தாராளமாக வாசியுங்கள். 33 செ.மீ.யை ஒட்டி இருந்தால் முக்கால் அளவு. வேண்டாம். அதில் விரல் இடைவெளி குறுகிப் பழகினால், உங்கள் வயலினில் சுருதி சேராமல் தவிப்பீர்கள்.

வயலின் திரும்பி வந்ததும் தந்திகள் நிலைகொள்ளச் சில நாள் ஆகும்; அடிக்கடி சுருதி இறங்கினால் பயப்படாதீர்கள். கழுத்து நேராக இருக்கிறதா, தந்தி விரல்பலகையிலிருந்து முன்பிருந்த உயரத்தில் நிற்கிறதா என்பதை மட்டும் வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். முதல் நாள் 15 நிமிடத்துக்குமேல் வேண்டாம், விரல் நுனி புண்ணாகிவிடும். தாளில் குறித்து வைத்த இடங்களை எடுத்து, அவற்றை மட்டும் மெதுவாக வாசியுங்கள்.