ஆட்டுப்பால் சீஸ்: முதல் லீற்றரைத் தேசிக்காயில் தொடங்குங்கள்

கேள்வி: கொழும்பில் மாடி வீட்டில் இருக்கிறேன். ஆட்டுப்பாலில் சீஸ் செய்யப் பழக ஆசை. எப்படித் தொடங்குவது?

ஒரு லீற்றர் பால், மூன்று தேசிக்காய், கொஞ்சம் உப்பு, ஒரு துணி. தொடங்க இவ்வளவும் போதும். பாலை உறையவைக்கும் நொதியான ரெனெட்டைத் தேடி இப்போதே அலைய வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பால்தான் முக்கியம். ஆட்டுப்பால் என்றாலே வீச்சமடிக்கும் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கறந்தவுடன் குளிரவைத்த பாலில் அந்த வாடை மிகக் குறைவு. வெயிலில் வைத்து, குலுக்கிக் குலுக்கிக் கொண்டுவந்தால் கொழுப்பு உடைந்து வாடை ஏறிவிடும். நான் வத்தளைப் பக்கம் ஆடு வளர்க்கும் ஒருவரிடம் வாங்குகிறேன். விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு போய், பால் கறந்த கையோடு அதில் வைத்து வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

பச்சைப் பாலில் ஒருபோதும் செய்யாதீர்கள். மோல்ட்டாக் காய்ச்சல் என்ற கிருமி நோய் ஆட்டுப்பாலால் பரவுகிறது என்பது 1905இலேயே மோல்ட்டாத் தீவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நம்முடைய முறையில் பாலை 85 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவதால் அந்தப் பயம் இல்லை. ஒரு சமையல் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிப்பிடிக்காமல் மெல்லிய நெருப்பில் கிண்டி, 85 வந்ததும் அடுப்பை நிறுத்துங்கள். தேசிப்புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இரண்டு தரம் மெதுவாகக் கிளறி, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். நான் தவறியது இந்த இடத்தில்தான். மாட்டுப்பால் பன்னீர் போலக் கட்டி கட்டியாகத் திரளும் என்று காத்திருந்தேன். திரளவில்லையே என்று மேலும் மேலும் புளி விட்டு, கடைசியில் வாயில் வைக்க முடியாத புளிப்பு. ஆட்டுப்பாலின் புரதம் வேறு மாதிரி. அது ரவை போலப் பொடிப்பொடியாகத்தான் திரியும். தண்ணீர் லேசான பச்சை மஞ்சளாகத் தெளிந்தால் திரிந்துவிட்டது என்று அர்த்தம்.

திரிந்த பால் அவ்வளவு மென்மையாக இருப்பதால் வலைத்துணியில் ஊற்றினால் பாதி ஓடிவிடும். நன்றாக அவித்தெடுத்த பழைய பருத்தி வேட்டித் துணிதான் சரி. ஒரு மணித்தியாலம் தொங்கவிட்டு, அரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்துப் பிசைந்து, உடனே பிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்க வெளியே தொங்கவிடக் கூடாது. ஒரு லீற்றருக்கு 150 முதல் 200 கிராம் வரை வரும். நான்கைந்து நாளில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இது கைவந்த பிறகு பிரெஞ்சுக்காரரின் ஷேவ்ர் என்ற ஆட்டுப்பால் சீஸ் செய்ய ஆசை வரும், எனக்கும் வந்தது. அதற்குப் பால் 20, 22 பாகையில் பல மணித்தியாலம் உறைய வேண்டும். கொழும்பு வீட்டில் ஏசி இல்லாமல் அது நடக்காது. ஆனால் தயிர்க் கிருமிக்குச் சூடுதான் பிடிக்கும். அதனால் என் அடுத்த படி இதுதான்: காய்ச்சிய பாலை 43 பாகைக்கு ஆறவிட்டு, இனிப்பில்லாத யோகட் ஒரு மேசைக்கரண்டி கலந்து, துணியால் சுற்றி ஏழெட்டு மணித்தியாலம் வைப்பேன். தளர்வாகத்தான் உறையும், பரவாயில்லை. அதைத் துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள்ளேயே ஓர் இரவு வடியவிட்டால் வெண்ணெய் போல வழவழப்பான சீஸ் கிடைக்கும். சூடான பாணில் பூசி, மேலே கொஞ்சம் கித்துள் பாணி விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ரொட்டிக்கு மா குழைக்க அதை விட்டால் ரொட்டி மெத்தென்று வரும்.