சவுத்தெண்டில் கடல் இல்லை

கேள்வி: வணக்கம். வாரம் ஒருமுறை பப்புக்குப் போவதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இங்கே டாஸ்மாக் வாசலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதே கட்டுரையில், முப்பது வருடமாக சவுத்தெண்ட் பக்கமே போகவில்லை என்றும் ஒரு வரி. அங்கே என்ன நடந்தது?
க., திருச்சி

அன்புள்ள க.,

பப்பை முதலில் முடித்துவிடுகிறேன். நான் கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன், எங்கள் தெருமுனையில் ஒன்று இருக்கிறது. யாரும் மேசைக்கு வந்து கேட்கமாட்டார்கள், நாமே பாருக்குப் போய்ச் சொல்லி, காசு கொடுத்து, தளும்பாமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும். நாலு பேராகப் போனால் ஆளுக்கு ஒரு சுற்று வாங்குவது மரியாதை, தன் முறை வரும்போது கழிப்பறைக்கு எழுந்து போகிறவனை ஊரே ஞாபகம் வைத்திருக்கும். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. எனக்கு அதில் பாதி போதும், சில நாள் வெறும் லைம் சோடா, அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. மூலையில் யாருடைய நாயாவது படுத்திருக்கும். அவ்வளவுதான், நீங்கள் நினைக்கிற டாஸ்மாக் இல்லை. குடித்துக் கெட்டவர்கள் இங்கேயும் உண்டு, அதை மறைக்கவில்லை.

சரி, சவுத்தெண்ட். லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கிற கடற்கரை ஊர். 1992 ஆகஸ்ட், எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அப்பா பெற்றோல் ஷெட்டில் வேலை, ஓய்வு நாள் என்று ஒன்று அவருக்கு வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அவர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பருத்தித்துறைக்காரர், வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். லண்டனுக்கு வந்து மூன்று வருடமாகியும் கடலைப் பார்க்கவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததில், ஒருநாள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பார்க்கிங்கில் (வண்டி நிறுத்துகிற இடம் இல்லை, ஊர்ப்பேரே அதுதான்) ரயில் மாறி, பன்னிரண்டு மணிபோலப் போய் இறங்கி, சரிவில் ஓடி வந்து பார்த்தால் கடல் இல்லை.

சும்மா சொல்லவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, அதில் சாய்ந்து கிடக்கிற படகுகள், எங்கேயோ தூரத்தில் ஒரு கோடு மாதிரி தண்ணீர். தம்பி, "அப்பா, கடல் எங்கே?" என்று கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை. அங்கே 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு பாலம் கடலுக்குள் போகிறது, உல்லாசப் பாலங்களில் உலகிலேயே நீளமானது அதுதான். வற்றில், அதாவது கடல் உள்வாங்குகிற நேரத்தில், தண்ணீர் ஒரு மைல் தள்ளிப் போய்விடுவதால் படகுகள் கரைக்கு வர முடியாது, அதனால்தான் 1829இலேயே மரத்தில் கட்டத் தொடங்கினார்கள். அதன் மேல் ரயிலே ஓடுகிறது. நாலு பேருக்கு டிக்கெட் விலையை அப்பா பலகையில் பார்த்தார், நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம், அப்புறம் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

பிறகு மழை. ஒதுங்கலாம் என்று ஒரு பப்புக்குள் நுழைந்தோம், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்போது 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பாரில் இருக்கக்கூடாது, 1964ஆம் வருடத்துச் சட்டம். 1995இல்தான் அதைத் தளர்த்தி, அனுமதி வாங்கிய பப்புகளில் பெரியவர்களோடு பிள்ளைகளும் வரலாம் என்றார்கள். எங்களுக்குச் சட்டம் எங்கே தெரியும், நிறத்துக்காகத் துரத்துகிறார்கள் என்றுதான் அம்மா நினைத்தார், நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தேன். கூரை விளிம்பின் கீழ் நின்று இடியப்பத்தைச் சாப்பிட்டோம். மூன்றரை ரயிலுக்குத் திரும்பிவிட்டோம்.

இதைப் போன மாதம் பப்பில் சொன்னபோது, தேம்ஸில் பாரப்படகு ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய வற்றுப் பெருக்கு நாட்களில் அங்கே தண்ணீர் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குமாம். பருத்தித்துறையில் ஒரு மீட்டர்கூட வராது. ஆறு மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வந்திருக்கும், ஐந்து மணிவரை இருந்திருந்தால் தண்ணீர் உங்கள் காலடிக்கு வந்திருக்குமே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலோரத்தில் பிறந்த மனிதர், கடல் திரும்பி வரும் என்பது தெரியாமலா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்?

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"தெரியும்தானே தம்பி. ஆறு மணிக்கு எனக்கு வேலை எல்லோ."